மாடிக்கு விட்ட கம்பி

காலையிலிருந்து வீடு முழுக்க இரும்பு கருகும் வாசனை. வெயில் சூடு இறங்காமலிருக்க வெள்ளை ஓடு பதிக்க வந்த கொத்தனார் மொட்டைமாடியில் கம்பி அறுக்கிறார். பின்னால் மாடி எடுப்பதற்காகத் தூண்களின் மேல் நீட்டி விட்டிருப்பார்களே, அந்தக் கம்பிதான். விழுப்புரத்தில் எந்தத் தெருவில் அண்ணாந்து பார்த்தாலும் தெரியும். அதை விட்டுவைத்தால் அதன் வழியே மழைத்தண்ணீர் இறங்குமாம்.

சூடு என்றால் எனக்குத் திண்டிவனம்தான் ஞாபகம் வரும். படிப்பு முடித்த கையோடு அங்கே வீட்டு பிளான் வரையும் ஆபீசில் சேர்ந்தேன். ஆபீஸ் என்பது கடைக்கு மேலே ஒரு சிமெண்ட் ஷீட் கொட்டகை. வியர்வை தாளில் சொட்டாமல் இருக்கத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஊராருக்கெல்லாம் குளுமையான வீடு வரைந்தோம். மேற்கு ஜன்னல் சின்னதாக இருக்கட்டும், சன்ஷேடை நீட்டிவிடலாம், சூடு இறங்காமலிருக்கத் தளத்தின் மேல் தட்டோடு பதித்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். ஜன்னல் வரைக்கும் கேட்டுக்கொள்வார்கள். தட்டோடு என்றதும் முகம் மாறிவிடும்.

காணை கிராமத்துக் கரும்பு விவசாயி ஒருவர் மல்லாட்டையை உரித்துக் கடலையை மென்றுகொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பையனுக்கு மேல மாடி வரப்போவுது சார். இப்ப ஓட்டப் போட்டுட்டு அப்பறம் ஒடச்சிக்கினு கெடக்கணுமா? கம்பிய மட்டும் நல்லா உசரமா வுடுங்க." அந்தப் பையன் அப்போது அவர் மனைவியின் இடுப்பில் இருந்தான்.

சிரிக்காதீர்கள். நான் வீடு கட்டியபோதும் அதே கதைதான். ஜன்னல், சன்ஷேடு எல்லாம் என் பிளான்படி. தளம் மட்டும் வெறும் தளம். மேலே மகன் கதிருக்கு மாடி வருமே! என் மனைவி செல்வி மொட்டைமாடி என்றே சொல்லமாட்டாள். "கதிர் வூட்ல துணி காயுது, எடுத்துக்கினு வாங்க" என்பாள். கொடி அந்தக் கம்பிகளில்தான் கட்டியிருந்தது.

பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் சாயங்காலத்தில் இறக்கும். ஃபேன் போட்டால் அனல்தான் வரும். செல்வி சாக்கை நனைத்து மேலே விரிப்பாள், அது காய்வதற்குள் அடுத்த குடம். பிறகு ஏசி வந்தது. கரண்ட் பில்லைப் பார்க்கும்போதெல்லாம், மாடி வந்தால் சூடு தானாகப் போய்விடும் என்று சொல்லிக்கொள்வோம். கதிர் படித்தான், சென்னைக்கு வேலைக்குப் போனான், கல்யாணமும் ஆயிற்று. கம்பி துருப்பிடித்தது.

போன மாதம் போன் செய்தான். அங்கேயே ஃபிளாட் வாங்குகிறானாம். "நீங்க ஏம்பா வெயில்ல கஷ்டப்பட்டுக்கினு? ஓட்டப் போட்டுடுங்க" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

இன்று கொத்தனார் கடைசி இரண்டு தூணுக்கு வந்தபோது செல்வி படியேறிப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"இதுல தூணுக்கு ஒரு கம்பி வுட்டுடுங்கண்ணே. கொடி கட்டணும்."

தண்ணீர் இறங்குமே என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். விட்டுவிடுங்கள் என்றேன்.

ஓடு பதித்தால் இனி ஏசியே வேண்டாம் என்கிறார். உடம்பு அசந்துபோன வயதில் குளுமை வருகிறது, வரட்டும். மத்தியானம் கம்பி வேலை முடித்து அவர் கிளம்பியதும் செல்வி புதுக்கொடி கட்டித் துவைத்ததைக் காயப்போட்டாள். இரண்டு பேர் துணிதான்.

வெயில் தாழ்ந்ததும் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"மொட்டமாடியில துணி காயுது, எடுத்துக்கினு வாங்க."