ஆந்த்ரேயின் முதுகு

ஐடா ரெஸ்னிக்கைப் பத்திரிகைகள் ஏழைகளின் ஓவியர் என்று எழுதின. சிகாகோ தையல்காரர் மகள். ரொட்டிக்கு நின்ற வரிசை, வேலைநிறுத்தத்தில் அடிவாங்கிய பெண்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தாள். 1938இல், பென்சில்வேனியாவின் ஒரு நிலக்கரி ஊருக்கு, தபால் நிலையச் சுவரில் சித்திரம் தீட்ட அரசாங்கம் அவளை அனுப்பியது.

அங்கே வெரோனிகா ஹுடாக் தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் புருஷன் ஆந்த்ரேய், போன குளிர்காலத்தில் சுரங்கக் கூரை சரிந்து செத்தவன்.

"எங்க வீட்டுக்காரர் முகம் அந்தச் சுவத்துல இருக்கணும் கண்ணு. எல்லாரும் பாக்கணும்."

ஈரச் சுண்ணாம்பில் ஒரே மூச்சில் தீட்டினாள் ஐடா. அடுப்படித் தொட்டியில் ஆந்த்ரேய் பக்கவாட்டில் உட்கார்ந்து சிரிக்கிறான். வெரோனிகா அவன் முதுகைத் தேய்த்துக் கழுவுகிறாள். இதுவரை வரைந்ததிலேயே இதுதான் உசத்தி என்று ஐடாவுக்கே தெரிந்தது.

திரை விலக்கிய அன்று ஊரே திரண்டது.

"யாருடா இது முதுகு கழுவிக்கிறவன்? காலேஜ் வாத்தியாரா?" என்றான் கிழட்டுச் சுரங்கக்காரன் மிஷோ.

"வாயை மூடுய்யா, அது ஆந்த்ரேய்!" என்றாள் அவன் பெண்டாட்டி.

கூட்டத்தில் எழுந்த சிரிப்பு அடங்கியது. வெரோனிகா வெளியே ஓடினாள்.

மிஷோதான் ஐடாவிடம் சொன்னான்: "இங்க சுரங்கத்துல இறங்குறவன் உடம்பெல்லாம் கழுவுவான், முதுகை மட்டும் கழுவ மாட்டான் பாப்பா. கழுவினா பலம் போயிரும். கூரை சரிஞ்சா முதுகு தாங்காது."

ஐடா தேடிப் போனபோது வெரோனிகா வீட்டில் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் கழுவினேன். ஒரே ஒரு தடவை, கோயிலுக்குப் போகணுமேன்னு. 'அடியே, என்னைக் கொல்லப் பாக்குறியா'ன்னு சிரிச்சாரு. மறுநாள் கூரை விழுந்துச்சு. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நீ சுவத்துலயே போட்டுட்ட."

சுரங்கத்தில் சரியாக முட்டுக் கொடுக்காததுதான் காரணம் என்று ஐடா சொல்லிப் பார்த்தாள்.

"அது எனக்கும் தெரியும். அழிச்சுடு."

சுண்ணாம்போடு ஊறிக் காய்ந்த சாயம் அழியாது. கொத்தித்தான் எடுக்க வேண்டும். மறுநாள் தபால் நிலையக் கதவைச் சாத்திக்கொண்டு, வெரோனிகா பக்கத்தில் நிற்க, ஐடா உளியை வைத்தாள். முதல் அடியிலேயே தோள்பட்டையில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது.

"நிறுத்து, நிறுத்து!" வெரோனிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் மேல இன்னொரு தடவை கல்லு விழ வேணாம்."

காய்ந்த சுவரில் ஒட்டுவதற்காக ஐடா கறுப்பு நிறத்தை முட்டைக்கருவில் குழைத்தாள். தூரிகையை வெரோனிகா வாங்கிக்கொண்டாள். கழுத்திலிருந்து இடுப்புவரை, படத்தில் தேய்த்துக்கொண்டிருந்த தன் கைகளையும் சேர்த்து, அந்த முதுகைக் கரியாக்கினாள். ஐடா கிண்ணத்தை ஏந்தியபடி பக்கத்தில் நின்றாள்.