ரத்தம் கேட்டதற்கு வந்த பதில்கள்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் என்னோடு வேலை செய்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், "வேலூரில் அக்காவுக்குப் பிரசவம். ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரம்" என்று ஆஸ்பத்திரி பெயரோடு அங்கிருந்தே போட்டேன்.

"ஏன் பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?" என்றார் ஒருவர். அதில் தொடங்கிய சண்டை கட்சி அரசியலுக்குத் தாவி, எழுத்துப்பிழையில் வந்து நின்றது. அட்மினே கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார். ரத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

அப்போது ஆஸ்பத்திரிக்கு மூச்சிரைக்க வந்தார் கட்டிங் செக்‌ஷன் அன்வர் பாய். குரூப்பில் எல்லோரையும்விட அதிகமாகச் சண்டை போட்டவர்.

"என்னுது ஓ நெகட்டிவ்தாம்மா. எங்க படுக்கணும்?"

ஒரு கையிலிருந்து ரத்தம் இறங்கிக்கொண்டிருக்க, மறுகையால் போனில் குரூப் சண்டைக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், இப்பவாவது விடுங்களேன்!"

"இரும்மா. அவன் ரொம்ப பேஜார் பண்றான்."

அக்காவும் குழந்தையும் நலம். குரூப்பில் இன்றும் சண்டைதான். எரிச்சலாக வருகிறது, ஆனாலும் வெளியேற மனம் வரவில்லை.