உண்டியல் கதையைத் திருப்பி வாங்கிய தேசம்மா மேடம்

தேசம்மா மேடம் போய்விட்டார்.

காலையில் அவர் மகன் போன் செய்தான். "அங்கிள், அம்மா..." என்றான். ஹார்ட் அட்டாக். திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அவர் ஊரான கனகம்மாசத்திரம் போய், எல்லாம் முடிந்து, இப்போதுதான் சென்னை பஸ் ஏறினேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே முகநூலில் பல பேருக்கு அவரைத் தெரியாது. நாடு முழுக்க ஆராய்ச்சிக்காக எடுக்கிற மனித மரபணு டேட்டாவை ஒரே இடத்தில் பத்திரமாக வைத்து, எல்லா விஞ்ஞானிகளும் பயன்படுத்துகிற மாதிரி ஒரு பொதுப் பெட்டகம் கட்டிக்கொண்டிருந்தோம்.

நான் சென்னையில் சர்வரைக் கட்டிக்கொண்டு அழுதவன். மேடம் திருத்தணி சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய், விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கி, ரத்தம் எடுத்து அனுப்பியவர்.

கறாரான ஆள். வாய் வேறு கொஞ்சம் நீளம். பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் கண்டக்டரே அவருக்குப் பயந்து சீட் பிடித்து வைப்பார்.

என்னை மட்டும் "நைனா" என்பார். திட்டும்போதும் நைனாதான்.

பெட்டகம் எப்படி வேலை செய்யும் என்று நான் லேப்டாப்பைத் திறந்து விளக்கினால் ஊர்க்காரர்கள் கொட்டாவி விடுவார்கள். மேடம் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு ஆரம்பிப்பார்.

"மலை மேல கோயில்ல உண்டியல் எண்றாங்களே, பாத்துக்கிறீங்களா? எண்றவங்க உள்ள வந்து ஒக்காந்துதான் எண்ணணும். வெளிய போறப்ப மொத்தம் எவ்ளோன்ற கணக்கு மட்டும்தான் போவும். எவன் எவ்ளோ போட்டான்னு யாருக்குனா தெரியுமா? உங்க ரத்தத்துல இருக்கற விஷயமும் அப்பிடித்தான். படிக்கறவங்க உள்ள வந்து படிப்பாங்க. வெளிய எடுத்துக்கினு போவ முடியாது."

அவ்வளவுதான். எல்லாரும் தலையாட்டி விடுவார்கள். எனக்குப் பொறாமையாகவே இருக்கும்.

ஒரு தறி ஊர். பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் மேடம் எழுந்து வந்து திட்டுவார். அங்கே ஒரு குடும்பத்தில் பையன்களுக்கு வளர வளரக் கால் தளர்ந்துபோகிற வியாதி. அந்த வீட்டம்மா தன் ரத்தமும் பிள்ளைகள் ரத்தமும் கொடுத்திருந்தார்.

கொஞ்ச மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது நானும் கூட இருந்தேன்.

"ஏம்மா இப்பிடி எளச்சிப் போய்க்கீறே?" என்று மேடம் கேட்டார்.

"பொண்ணுக்கு எடம் பேசிக்கினு கீறோம்மா. எங்க வூட்டு வியாதி விஷயம் உங்க கிட்ட இருக்குது இல்ல, வெளிய தெரிஞ்சிட்டா... அத நெனச்சா தூக்கமே வர்ல."

"வேணாம்னா சொல்லியிருக்கலாமே. எப்ப வேணா விலகிக்கலாம்னு சொன்னேனே."

"ஆங், சொன்னீங்கம்மா. ஆனா உண்டியல்ல போட்டதப் போயி எப்பிடிம்மா திருப்பிக் கேக்கறது? அது சாமிது ஆச்சே. பாவம் இல்ல?"

மேடம் தண்ணீர் கேட்டார். கொண்டு வந்ததைக் குடிக்கவில்லை.

பஸ்ஸில் நான்தான் வாயைத் திறந்தேன். பேரே இல்லாமல் பூட்டி வைத்திருக்கிறோம், யாருக்கு மேடம் தெரியப்போகிறது என்றேன்.

"தெரியாதுன்னு உனுக்குத் தெரியும் நைனா. அந்தம்மாவுக்குத் தூக்கம் வர்லியே."

அந்தக் குடும்பம் விலகியது. நடந்து முடிந்த ஆராய்ச்சியிலிருந்து எதையும் பிடுங்க முடியாது, ஆனால் இனிமேல் யாரும் தொட முடியாதபடி அவர்கள் டேட்டாவைப் பெட்டகத்திலிருந்து நானே எடுத்துவிட்டேன்.

மேடம் அதோடு விடவில்லை. உண்டியல் கதை சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி ஏறி இறங்கினார். "நான் சொன்ன உதாரணம் தப்பு. இது உங்களுது. கேட்டா குடுத்துடணும், அது எங்க கடமை" என்று வாசலில் நின்று சொன்னார்.

வேறு சில குடும்பங்களும் விலகின. ஆபீஸில் எங்கள் பெரிய அதிகாரி கொதித்துப்போனார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். இந்த மாதிரி அபூர்வமான வியாதிக்கு ஒவ்வொரு குடும்பமும் முக்கியம். "இவங்களும் இல்லைன்னா மருந்து எப்படி மேடம் வரும்?" என்று கேட்டார்.

மேடத்தின் சொந்தத் தம்பி அதே வியாதியில் போனவன். பள்ளிக்கூடத்துக்கு அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனதை எனக்கு ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அந்த மருந்து வர வேண்டும் என்று அவரை விட யார் ஆசைப்பட்டிருக்க முடியும்...

அடுத்த முறை மேடத்தின் கான்ட்ராக்டை ஆபீஸ் நீட்டிக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கடைசி வரைக்கும் திருத்தணியில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் போனபோது ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். "டீ குடிச்சியா நைனா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று அந்த வீட்டம்மாவும் வந்திருந்தார். அவர் முகநூலில் இல்லை, இதைப் படிக்க மாட்டார், அதனால்தான் எழுதுகிறேன். என்னை அடையாளம் கண்டு, ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார்... நாங்க அன்னிக்கி வேணாம்னு சொன்னோமே. அதால அம்மாவுக்கு வேலையில எதனா கஷ்டம் ஆச்சிங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவலைங்கம்மா" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தலையாட்டிவிட்டு, போய் மேடத்தின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

சரியாத்தானே சொன்னேன், மேடம்?

போய்ட்டு வாங்க.