பனி இறங்கினால் தொப்பி எதற்கு

ஷெர்லி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் என் பக்கத்து வீடு. பிறக்கும்போதே தோல், முடி, இமை எல்லாம் வெள்ளை. அவள் அப்பா கிரகரி பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டார். பைத்தியக்கார மனுஷன்! தாய், தகப்பன் இருவர் உடம்பிலும் மறைந்திருந்த குறைதான் பிள்ளைக்கு வந்திருக்கிறது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். அவர் காதில் ஏறவே இல்லை.

பார்வை மங்கல் என்று தொழிற்சாலையில் ஷெர்லியை எடுக்கவில்லை. என்னோடு கொழுந்து வெட்ட வந்தாள். வெயில் பட்டால் தோல் கொப்பளிக்கும் என்று தொப்பியும் நீளக்கைச் சட்டையும் போடுவாள். பனி இறங்கி மலையை மூடியதும் நான்தான் அவளிடம் சொல்வேன்:

"கழற்றிப் போடுடி. இனி வெயில் ஏது?"

பன்னிரண்டு வருஷம் அப்படியே போனது.

காதோரம் ஒரு புண் வந்தது. ஜெபித்த எண்ணெய் பூசியும் ஆறவில்லை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். புற்றுநோய் கழுத்துவரை பரவியிருந்தது.

"வெயில்ல வேலை செஞ்சீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"தொப்பி போட்டுத்தான் டாக்டர். பனி இறங்கினா மட்டும் கழற்றுவேன்."

"பனிக்குள்ளயும் வெயில் சுடும்மா. மலையில இன்னும் அதிகம்."

ஷெர்லி என் பக்கம் திரும்பினாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். அந்தத் தூரத்தில் அவளுக்கு யார் முகமும் தெரியாது. நல்லவேளை.