பின்கள வீரரின் றோட் டெஸ்ட்

கனடாவில், ஸ்காபரோவில் கார் ஓட்டப் பழக்குவது என் தொழில். பொறுமை எனக்குக் கொஞ்சமும் கிடையாது. என்னிடம் ஏச்சு வாங்காமல் பாஸ் பண்ணிப் போனவர் ஒருவரும் இல்லை. டெஸ்டில் வரும் தெருக்களையெல்லாம் பழக வருபவர்களை வரிசையாக மனப்பாடமாக்க வைத்துவிடுவேன். எங்கள் ஆட்களுக்கு அதுதான் பிடிக்கும்.

போன வசந்தத்தில் ஓர் ஆபிரிக்கர் வந்தார். நாற்பது வயதிருக்கும், ஆறடிக்கு மேல் உயரம். பதிவு செய்து அனுப்பியது அவர் மனைவி. பெயரைச் சொன்னதும் என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

"உவர் ஆரெண்டு தெரியுமோ உமக்கு? தன்ரை நாட்டுக்கு புட்போல் விளையாடினவர். பத்து வருசம் யூரோப்பிலை டிபென்ஸ் நிண்டவர்!"

பழைய வீடியோக்களைப் போட்டுக் காட்டினார். கோல் கம்பத்துக்கு முன்னால் எந்தப் பந்து உயரமாக வந்தாலும் இவர்தான் எழும்பித் தலையால் அடித்து வெளியே அனுப்புகிறார். "தலையெண்டா உதுதான் தலை," என்று கணவர் தொடையில் தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கார் ஓட்டுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்ப்பது அவருக்கு ஊறிப்போன பழக்கம். வழிதான் மனதில் நிற்கவில்லை. பன்னிரண்டாம் பாடத்திலும் அதே சந்தியில், "இடமா, வலமா?" என்று கேட்டார். என்ன நித்திரையா என்று ஆங்கிலத்தில் ஏசினேன். மன்னிப்புக் கேட்டார். விளையாடிய காலத்தில் ஏற்றி இறக்க ஆள் இருந்ததாம். இப்போது மகளைத் தானே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடவேண்டும், அதற்காகத்தான் இந்தப் பாடு என்றார்.

டெஸ்ட் அன்று பக்கத்திலிருந்த அதிகாரி திரும்பவேண்டிய இடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு பிழையும் இல்லாமல் பாஸ். தாளோடு வந்தவருக்குக் கை கொடுத்தேன். அவர் பணிவாகச் சிரித்துக்கொண்டு கேட்டார்:

"எனக்கு எப்போது டெஸ்ட், மேடம்?"

பகிடி என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. இரண்டு மாதம் பக்கத்திலேயே இருந்து ஏசியிருக்கிறேன், விளங்கவில்லையே!

தள்ளிப் போய் அவர் மனைவிக்குப் போன் எடுத்தேன். பாஸ் என்றதும் அந்தப் பக்கம் அழுகை. இந்த மறதி பந்தைத் தலையால் அடித்து அடித்து வந்த வினை என்று டொக்டர் போன வருடமே சொல்லிவிட்டாராம்.

"விளையாட்டும் போய்விட்டது. இதையும் வேண்டாம் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? நீங்கள் கடுமையானவர் என்று கேள்விப்பட்டேன். எப்படியும் பெயில்தான் என்று நம்பி உங்களிடம் அனுப்பினேன்."

திரும்பிப் பார்த்தேன். அவர் என் காரின் சாரதிப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். கிட்டப் போய் அவர் கையிலிருந்த தாளை வாங்கி மடித்தேன். நீங்கள் ஓட்டக்கூடாது என்றேன்.

"ஏன், பெயிலா?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"அழாதீர்கள் மேடம்," என்றார் அவர். "அடுத்த முறை வடிவாகச் செய்கிறேன்."