எஸ்தர் அக்கா சொல்லித்தந்த ஸ்கேப்கோட்

"யக்கா, டைப்பிஸ்ட் எஸ்தர் செத்துப் பூட்டாங்களாம்" என்று பக்கத்து வீட்டுக் கன்னியம்மா வந்து சொன்னபோது நான் சாமிக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். திரியைத் தூண்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியும், ஸ்டோரில் செம்புக் கம்பி காணாமல் போனது. சாவி இருந்தது சூபர்வைசர் கையில். திருட்டுப் பட்டம் என் வீட்டுக்காரருக்கு. அவரை வேலையை விட்டு நீக்கிய கடிதத்தை அடித்தவர் எஸ்தர் அக்கா. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, "நாந்தான் அடிச்சேன் பாக்கியம்" என்றார். நான் இங்கிலீஷ் எழுதிப் பழகும் நோட்டை வாங்கி 'ஸ்கேப்கோட்' என்று எழுதினார்.

"ஊரு பாவத்தையெல்லாம் ஒரு ஆட்டுத் தலைமேல வெச்சி காட்டுக்குத் தொரத்துவாங்க. பைபிள்ல இருக்குது. அடுத்தவன் தப்பைச் சொமக்கிறவனுக்கு இங்கிலீஷ்ல அதான் பேரு."

"பெரியபாளையத்துல வெட்ற ஆட்டுக்காவது மஞ்சத்தண்ணி தெளிச்சி, அது தலையாட்டுற வரிக்கும் நிக்கிறாங்க. எங்க ஊட்டுக்காரரை அதுகூட கேக்கலியேக்கா!"

சிரித்துவிட்டார். "சரி, இத்த ஒரு வாக்கியத்துல வெச்சி சொல்லு." நாக்கு திரும்பும்வரை விடவில்லை.

ஆயுத பூஜையன்று குடும்பங்களை உள்ளே விடுவார்கள். "என் தங்கச்சி" என்று கேட்டில் சொல்லி அழைத்துப்போனார். தமிழ் தெரியாத மேனேஜர் முன்னால் நின்று, "சார், யூ மேட் மை ஹஸ்பண்ட் எ ஸ்கேப்கோட்" என்றேன். கற்பூரத் தட்டை எடுத்து சூபர்வைசரிடம் நீட்டினேன். "நீ எடுக்கலன்னா அணைச்சி சத்தியம் பண்ணு!"

"பொம்பளைக்கு இன்னா வாயி பாரு" என்றான் சூபர்வைசர்.

"வாயி கிடக்கட்டும், கைய நீட்டுய்யா" என்றார் எஸ்தர் அக்கா.

அவன் கை எழவே இல்லை. மேனேஜர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சூபர்வைசருக்கு ஒன்றும் ஆகவில்லை. எஸ்தர் அக்காவைத்தான் டைப் மிஷினிலிருந்து எழுப்பி, தபால் ஒட்டும் மேசைக்குத் தள்ளினார்கள்.

"உங்க சாமி மன்னிக்கச் சொல்லுதே" என்று ஒருமுறை கேட்டேன். "நான் இன்னும் அவ்ளோ பெரிய கிறிஸ்தவச்சி ஆவல" என்றார்.

அடக்கத்துக்கு அந்த சூபர்வைசரும் மாலையோடு வந்தான். அவன் பேரை அச்சில் ஏற்றிப் பெருமைப்படுத்த மாட்டேன். வழியை மறித்தேன். "எத்தினி நாளு அவங்கள தபால் ஒட்ட வெச்சே? போ அந்தாண்ட." மாலையோடு திரும்பிப் போனான்.

எஸ்தர் அக்கா எனக்கு விட்டுப்போனது இந்தக் கோபம். இது ஆறிவிடக் கூடாது என்றுதான் தினமும் கும்பிடுகிறேன்.