மாம்பழத் தோல் தின்ற பூஞ்சை

எங்கள் முதலாளி என்னை இரண்டு விதமாகக் கூப்பிடுவார். வெளியாள் வந்திருந்தால் "மேடம்". மற்ற நேரத்தில் "ஏம்மா". மைக்ரோபயாலஜியில் எம்.எஸ்ஸி. முடித்து, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவள் நான். ஆறு மாதம் ட்ரெய்னி, அப்புறம் பெர்மனென்ட் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார். அந்த ஆறு மாதம் மூன்றாவது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஓசூரில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எந்தக் கம்பெனி, பெர்மனென்டா என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்காரர் கதவையே முழுசாகத் திறப்பார். இல்லையென்றால் லேடீஸ் ஹாஸ்டல்தான் கதி. வீடு கிடைத்தால் அம்மாவைக் கூட்டிவந்துவிடலாம் என்பது என் கணக்கு. அண்ணன் வீட்டில் அவள் சம்பளமில்லாத வேலைக்காரியாக இருந்தாள். போனில் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பெர்மனென்ட் ஆர்டரு குடுத்துட்டாவளாம்மா?"

நாங்கள் செய்த வேலை பூஞ்சை வளர்ப்பது. கதிர் அறுத்த ராகித்தாளை நறுக்கி ஊறவைத்து, ஆட்டோகிளேவில் அவித்து, தட்டுகளில் பரப்பிப் பூஞ்சை வித்துகளைத் தெளிப்போம். வெள்ளையாகப் படர்ந்து பிறகு பச்சையாகும். தாளைக் கரைத்துத் தின்பதற்காக அது செல்லுலேஸ் என்ற என்சைமைச் சுரக்கும். அதை வடித்தெடுத்து, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜீன்ஸ் சலவை யூனிட்டுக்கு அனுப்புவோம். புது ஜீன்ஸைப் பழசு மாதிரி வெளுக்கவைக்க அது வேண்டும். வெளுத்த துணிக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் உலகத்தில் இருக்கும்வரை எங்களுக்கும் சோறு உண்டு.

தட்டு அறையில் வேலை செய்த அக்கா ஒருத்தி தளிப் பக்கத்துக்காரி. தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பாள். மாட்டுக்குக்கூடத் தவிடு கலந்து வைக்கிறோம், இதுக்கு வெறும் தாள்தானா, கொஞ்சம் வெல்லத் தண்ணியாவது தெளிக்கக் கூடாதா என்று பூஞ்சைக்காக என்னிடம் பரிந்து பேசினாள். இனிப்பு கிடைத்தால் அதைத் தின்றுவிட்டுச் சும்மா கிடக்கும், பசித்தால்தான் தாளைக் கரைக்க என்சைம் விடும் என்று அவளுக்கு விளக்கினேன். அவளுக்குப் புரிந்தது. பாவம் என்று மட்டும் சொன்னாள்.

முதலாளிக்குத்தான் புரியவில்லை. கிருஷ்ணகிரி தாண்டி அவர் குடும்பத்துக்கு மாந்தோப்பு உண்டு. சீசனில் அங்கே கூழ்த் தொழிற்சாலைகளின் பின்னால் தோலும் கொட்டையும் மலையாகக் குவிந்து நாறும். அள்ளிக்கொண்டு போனால் போதும் என்பார்கள். ஓசியில் கிடைப்பதை விடுவது இவர் ரத்தத்திலேயே கிடையாது. ஒரு டெம்போ நிறையத் தோலைக் கொண்டுவந்து இறக்கி, தாளோடு கலக்கச் சொன்னார். அதில் சர்க்கரை இருக்கிறது, வேண்டாம் என்றேன். தங்கள் ஊர் மாம்பழத்தைத் தின்று வளராத உயிர் உண்டா என்று திருப்பிக் கேட்டார். மாம்பழத்தைக் குறை சொன்னால் அவர் குலத்தையே குறை சொன்ன மாதிரி.

வளர்ந்தது. அப்படி ஒரு வளர்த்தியை நான் பார்த்ததே இல்லை. தட்டு தட்டாகக் கொத்தமல்லித் துவையலைத் தடவிவைத்த மாதிரி பச்சை. முதலாளி ஆட்களைக் கூட்டிவந்து காட்டினார், போட்டோ எடுத்தார். அன்று முழுக்க நான் மேடம்.

வடித்த சாறு சோதனைக்குழாயில் மருந்து கலந்ததும் இருண்ட சிவப்பாக மாறியது. சர்க்கரை இருந்தால் அந்த நிறம் வரும். வழக்கமாக, என்சைம் வேலை செய்து உண்டாக்கிய சர்க்கரைதான் அந்த நிறத்தைக் கொடுக்கும். இது மாம்பழத்தின் சொந்தச் சர்க்கரை, அதைக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை என்றேன். படித்தவர்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் என்றார். இந்த லோடு பாஸ் ஆகட்டும், அன்றைக்கே உனக்கு ஆர்டர் என்று ஒரு கொக்கியும் போட்டார். அப்போதும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேன்கள் வண்டியேறின.

நீலமாகப் போன ஜீன்ஸ் நீலமாகவே வெளியே வந்ததாம். கேன்கள் திரும்பி வந்தன. முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டு, முதல்முறையாக உட்காரச் சொன்னார். தளி அக்காவுக்குச் சொன்னதையே திரும்பச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். அப்படியென்றால் வயிறு நிறையவே விடக்கூடாதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தோலை நிறுத்தினோம். அடுத்த தடவை வெறும் ராகித்தாள். பார்ப்பதற்கு நோயாளி மாதிரி வளர்ந்தது, ஆனால் என்சைம் நன்றாக வந்தது. சலவை யூனிட்டுக்காரர்களே போன் செய்து பாராட்டினார்கள். அதற்குப் பிறகு போன எந்த லோடும் திரும்பி வரவில்லை. நல்ல நேரம் பார்த்து என் ஆர்டரைப் பற்றிக் கேட்டேன்.

அவர் மேசையில் தோப்பு மாம்பழம் ஒன்றை நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு துண்டைப் பேப்பர் தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"ஏம்மா, நீதான சொன்ன? வயிறு நெறஞ்சா வேல செய்யாதுன்னு. இப்ப நல்லாத்தான போயிட்டிருக்குது. அத எதுக்குக் கெடுத்துக்கணும்?"

கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். பாடம் புரிந்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னார். சிரிப்பில் துளி விஷமம் இல்லை. பூஞ்சையைப் பற்றி நான் சொன்னதில் அவர் மனதில் நின்ற ஒரே விஷயம் அதுதான். மாம்பழத்தைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

அந்த வாரமும் அம்மா கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள் என்றேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன், அதே ஹாஸ்டலில்தான் படுக்கிறேன். தட்டு அறைக்குப் புதிதாக வரும் பெண்களும் ஏன் வெறும் தாள் என்றுதான் கேட்கிறார்கள். அதுக்கு ஒத்துக்காது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பசி என்ற சொல்லை அந்தக் கட்டடத்துக்குள் நான் பேசுவதில்லை.